தினம் எட்டு கிலோமீட்டர் ஓடியும் அடங்காத சிப்பிப்பாறை: எங்கே தவறு செய்கிறேன்?

விளாங்குறிச்சி வாணி:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் செம்பாவுக்குப் பதினோரு மாதம். சிப்பிப்பாறை இன நாய், பெண், நல்ல செவலை நிறம். அப்பாவின் நண்பர் ஒருவர் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து இரண்டு மாதக் குட்டியாகக் கொண்டுவந்து கொடுத்தார். அப்பாதான் வளர்த்தார். ஆவணியில் அப்பா தவறிவிட்டார். இப்போது வீட்டில் நான், அம்மா, செம்பா, மூன்றே பேர்.

கோவையில் இரண்டாம் மாடி வாடகை வீடு. நான் ஒரு பம்ப் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். காலை எட்டரைக்குக் கிளம்பினால் ஆறரைக்குத்தான் வீடு திரும்புவேன். அதுவரை அம்மாவும் அவளும்தான்.

“இந்த ஜாதி நாயை ஓட்டி ஓட்டித்தான் அடக்க வேண்டும்” என்று ஒரு பயிற்சியாளர் சொன்னார். ஏழாம் மாதத்திலிருந்து ஸ்கூட்டர் பக்கத்தில் கயிறு போட்டு ஓட விடுகிறேன். முதலில் இரண்டு கிலோமீட்டர். போதவில்லை, நாலு ஆக்கினேன். அப்புறம் ஆறு. இப்போது தினமும் காலை ஐந்து மணிக்கு எட்டு கிலோமீட்டர். திரும்பி வந்து தண்ணீர் குடிப்பாள், கால் மணி நேரம் படுப்பாள், அவ்வளவுதான். பிறகு ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே சுற்றிச் சுற்றி ஓட்டம். சோபா மெத்தை இரண்டைக் கிழித்துப் பஞ்சாக்கிவிட்டாள். ஜன்னலில் அணில் தெரிந்தால் கம்பியை உடைப்பது போல மோதுகிறாள்.

போன வாரம் இரண்டு விஷயம் நடந்தது. ஒன்று, பக்கத்து லேஅவுட்டில் நடக்கப் போனபோது காலி மனையில் ஒரு மயில் நின்றது. ஒரு இழு, ஒரு பின்வாங்கல், கழுத்துப் பட்டை என் கையிலேயே நிற்கிறது, நாயைக் காணோம். கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிவிட்டது. நாற்பது நிமிடம் கழித்து அவளாக வந்தாள். மயிலுக்கு ஒன்றும் ஆகவில்லை, பறந்துவிட்டது. இன்னொன்று, ஹாலில் ஓடிய வேகத்தில் அம்மாவின் மேல் மோதி அம்மா விழுந்துவிட்டார். முழங்கால் ஏற்கெனவே தேய்மானம். எலும்பு முறியவில்லை என்பது பெரிய ஆறுதல்.

மாமா வந்து, “தோட்டம் உள்ள யாரிடமாவது கொடுத்துவிடு” என்கிறார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அப்பா கையால் சோறு வைத்த குட்டி இது, எனக்கு மனசு வரவில்லை. ஓட்டத்தைப் பத்து கிலோமீட்டர் ஆக்கட்டுமா? இல்லை மாலையிலும் ஒரு சுற்று சேர்க்கட்டுமா?

காரமடை ரகு:

அக்கா, நான் அல்சேஷன் வைத்திருக்கிறேன். எனக்கும் இதே கதைதான் இருந்தது. மாலையில் ஒரு சுற்று கட்டாயம் சேருங்கள். முதுகில் சின்னப் பை கட்டி எடை ஏற்றினால் சீக்கிரம் களைக்கும். நாய்க்கான டிரெட்மில் வாடகைக்குக் கிடைக்கிறதா என்றும் விசாரித்துப் பாருங்கள். களைத்த நாய் வம்பு செய்யாது.

கரிசல்காட்டு ஆள்:

வாணிம்மா, முதலில் அம்மாவின் முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள். ரகு தம்பி நல்ல மனசோடுதான் சொல்கிறார், ஆனால் தயவுசெய்து அந்த வழியில் போகாதீர்கள். எடையும் வேண்டாம், பத்து கிலோமீட்டரும் வேண்டாம். ஸ்கூட்டர் ஓட்டத்தை நாளையிலிருந்தே நிறுத்துங்கள்.

எனக்கு அறுபத்து நாலு வயது. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகச் சிப்பிப்பாறையும் கன்னி இன நாய்களும் உண்டு. என் தாத்தா முயல் வேட்டைக்கு நாய் கூட்டிப் போவார். நான் அப்போது டவுசர் போட்ட பையன், 1972ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டம் வருவதற்கு முந்தைய காலம். இன்று அது குற்றம், குற்றமாக இருப்பதே சரி. அந்த நாட்களில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். அந்த நாய்கள் நாளெல்லாம் ஓடவில்லை. வேப்பமரத்தடியில் மண்ணைப் பறித்து, குழிக்குள் சுருண்டு பகல் முழுக்கத் தூங்கும். முயல் எழும்பினால் ஒரே பாய்ச்சல். ஒரு நிமிஷம் நீடித்தால் அதுவே அதிகம். முயல் சிக்கினாலும் சிக்காவிட்டாலும் திரும்பி வந்து, நாக்கைத் தொங்கவிட்டு மறுபடியும் படுத்துக்கொள்ளும். இது பார்த்த கண்ணோடு பாய்கிற நாய். வண்டிக்குப் பக்கத்தில் ஒரே சீராக எட்டு கிலோமீட்டர் ஓடும் வேலை அதற்குப் பழக்கமே இல்லாதது.

நீங்கள் நாலு மாதமாகச் செய்தது, ஒரு பந்தயக்காரியைத் தயார் செய்ததுதான். இரண்டு கிலோமீட்டர் போதாமல் நாலு, நாலு போதாமல் ஆறு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே. நெஞ்சுக்கூடு விரிந்துவிட்டது, கால் இறுகிவிட்டது, பத்து ஆக்கினால் பத்தையும் ஜீரணித்துவிட்டு வந்து நிற்பாள். நானே இருபது வருஷத்துக்கு முன் ஒரு சாம்பல் நிறக் கடுவனைச் சைக்கிளுக்குப் பின்னால் ஓட்டி இப்படித்தான் கெடுத்தேன். ஒரு வயதுக்குள்ளேயே முன்னங்கால் தாங்கித் தாங்கி நடக்க ஆரம்பித்துவிட்டது. கடைசிவரை அந்த நடை மாறவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் வருத்தமாக இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

செம்பாவுக்கு வேண்டியது மூன்று: கொஞ்ச நேரம் முழு வேகம், நிறைய நேரம் மூக்குக்கு வேலை, அப்புறம் சும்மா படுத்துக் கிடக்கக் கற்றுக்கொள்வது. மூன்றாவதைத்தான் யாரும் கற்றுத் தருவதில்லை. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு கோணிச் சாக்கைத் துவைத்துக் காயவைத்து, நாலாய் மடித்து ஹாலில் ஒரு மூலையில் போடுங்கள். ஒரு அவித்த முட்டையை விரல் நகம் அளவுக்குத் துண்டு துண்டாக நறுக்கி, கிண்ணத்தில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். பேச வேண்டாம், கூப்பிட வேண்டாம். அவளே வந்து சாக்கை முகர்ந்தால் ஒரு துண்டைச் சாக்கின் மேல் வையுங்கள். கையில் ஊட்டக் கூடாது, சாக்கில்தான் வைக்க வேண்டும். நின்றாலும் ஒன்று. உட்கார்ந்தால் ஒன்று. படுத்தால் இரண்டு முன்னங்காலுக்கும் நடுவே ஒன்று. அப்புறம் கவனித்துப் பாருங்கள். முதலில் ‘எப்போது எழலாம்’ என்ற மாதிரி வயிறு தரையில் படப் படுப்பாள், பின்னங்கால் இரண்டும் அடியில் மடங்கி, பாயத் தயாராக இருக்கும். கொஞ்ச நேரத்தில் ஒரு பக்க இடுப்பு சாயும். அந்த இடுப்பு சாய்கிற நொடிக்காகத்தான் நீங்கள் காத்திருக்க வேண்டும். சாய்ந்ததும் இரண்டு துண்டு சேர்த்து வையுங்கள். தாடை சாக்கில் பட்டால் இன்னும் இரண்டு. பத்து நிமிஷம் போதும், ஒரு நாளைக்கு இரண்டு தடவை. உட்கார்ந்த இடத்திலிருந்து செய்கிற வேலை என்பதால் இதை அம்மாவும் செய்யலாம்.

அடுத்து சாப்பாடு. இனிமேல் தட்டு வேண்டாம். உலர் தீவனம் கொடுக்கிறீர்கள் என்றால் பாதியைப் பழைய போர்வையின் மடிப்புகளுக்குள் தூவி, போர்வையைச் சுருட்டிப் போடுங்கள். மூக்கால் துழாவி ஒவ்வொன்றாக எடுக்கட்டும். பதினைந்து நிமிஷம் இப்படித் தேடினால் நாய் தானாகப் போய்ப் படுப்பதை நீங்களே பார்ப்பீர்கள். காலை நடையையும் அப்படியே மாற்றுங்கள். அரை மணி நேரம், வேகம் வேண்டாம், எந்தப் புதரை எவ்வளவு நேரம் முகர்ந்தாலும் இழுக்காதீர்கள்.

வேகத்துக்கு ‘தூண்டில்’. எங்கள் வீட்டில் அப்படித்தான் சொல்வோம். நாலடி நீள பி.வி.சி. குழாய் ஒன்று, அதற்குள் கோர்த்த நைலான் கயிறு, கயிற்று நுனியில் துணி முடிச்சு. துணியைத் தரையோடு தரையாக இழுத்தால் அவள் கண்ணுக்கு அது முயல்தான். முதலில் நிற்க வைக்க வேண்டும். துணி அசைந்தாலும் நின்றால் “பிடி” என்று சொல்லுங்கள். பத்து, பதினைந்து நொடி துரத்தட்டும், கட்டாயம் பிடிக்க விடுங்கள். பிடிக்கவே விடாமல் ஆட்டம் காட்டினால் வெறிதான் ஏறும். அப்புறம் “விடு”. விட்டால் முட்டை. மொத்தமே ஐந்து நிமிஷம், நடுநடுவே ஓய்வு. மண் தரையாக இருக்க வேண்டும், டைல்ஸ் வழுக்கும். மொட்டை மாடியில் மட்டும் செய்யவே செய்யாதீர்கள். துரத்துகிற வேகத்தில் கைப்பிடிச் சுவர் அதற்கு ஒரு பொருட்டே இல்லை, ஒரே தாவுதான். சுற்றுச்சுவர் உள்ள காலி மனை எதையாவது உரிமையாளரிடம் கேட்டுப் பாருங்கள்.

மயில் விஷயம். இந்த இனத்துக்குத் தலை குறுகல், கழுத்து தலையை விடத் தடிமன். சாதாரணப் பட்டை பின்னோக்கி இழுத்தால் உருவிக்கொண்டு வந்துவிடும். இழுத்தால் ஓரளவுக்கு மட்டும் இறுகி நிற்கிற மார்ட்டிங்கேல் பட்டை வாங்குங்கள், மார்பில் போடும் ஹார்னஸும் சேர்த்துப் போடுங்கள். கயிறு இரண்டிலும் மாட்டியிருக்க வேண்டும். பாய்ந்த பிறகு கூப்பிட்டுப் பயன் இல்லை, அப்போது காது அடைத்தது போலத்தான். பாய்வதற்கு முன்னால் ஒரு கணம் இருக்கிறது. காது இரண்டும் மேலே ஏறும், வால் அசைவது நிற்கும், ஒரு முன்னங்கால் லேசாகத் தூக்கும். அந்தக் கணத்தில் பெயரைச் சொல்லுங்கள். திரும்பிப் பார்த்தால் கிண்ணத்தில் இருப்பதிலேயே நல்ல துண்டு. இதைத் தூரத்தில் தெரிகிற காக்கையிலிருந்து தொடங்குங்கள். மயிலுக்கு வர நாள் ஆகும்.

நாற்பது நிமிஷம் கழித்து வந்தபோது திட்டினீர்களா? திட்டியிருந்தால் இனி வேண்டாம். திரும்பி வந்ததற்கு அடி விழுந்தது என்றுதான் அதற்குப் புரியும்.

மதுரை கால்நடை மருத்துவர் (ஓய்வு):

கரிசல்காட்டு ஐயா சொன்னதோடு முழுக்க உடன்படுகிறேன். மருத்துவப் பக்கம் சில விஷயங்கள் மட்டும்.

இந்த அளவுள்ள நாய்க்கு எலும்பின் வளர்ச்சித் தட்டுகள், அதாவது எலும்பு நீளமாக வளரும் முனைப் பகுதிகள், முழுதாக மூட ஒரு வயது, சிலவற்றில் ஒன்றரை வயது வரை ஆகலாம். அதுவரை தார்ச்சாலையில் கட்டாய ஓட்டம் கூடவே கூடாது. தானாக மண்ணில் ஓடி, தானாக நிற்பது வேறு. வண்டிக்குப் பக்கத்தில் ஓடும் நாய் வலித்தாலும் நிற்காது. ஒருமுறை அருகில் உள்ள மருத்துவரிடம் காட்டி நான்கு கால்களையும் மூட்டுகளையும் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளங்கால் மெத்தையில் தேய்மானம், வெடிப்பு இருக்கிறதா என்று நீங்களே இன்றைக்குப் பாருங்கள்.

சோபா மெத்தையைக் கிழிப்பது பல் முளைப்பதால் இல்லை. ஏழாம் மாதத்துக்குள் நிரந்தரப் பற்கள் எல்லாம் வந்திருக்கும். இன்னொரு கேள்வி: செம்பா பருவத்துக்கு வந்துவிட்டாளா? பெண் நாய்கள் முதல் பருவத்தை ஒட்டி அமைதியில்லாமல் இருப்பது உண்டு. கருத்தடை பற்றியும் மருத்துவரிடம் அப்போதே பேசிவிடுங்கள்.

மாசி பிறந்தால் வெயில் ஏறும். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். புறங்கையைச் சாலையில் ஏழு நொடி வைத்துப் பாருங்கள். உங்களால் வைக்க முடியாவிட்டால் அவள் பாதமும் தாங்காது. சாப்பிட்ட உடனே ஓட்டம் வேண்டாம். நெஞ்சு ஆழமான நாய்களுக்கு வயிறு உப்பித் திருகிக்கொள்ளும் ஆபத்து அதிகம், அது உயிருக்கே ஆபத்து. புதரை முகர விடும்போது உண்ணி ஏறும். வீட்டுக்கு வந்ததும் விரல் இடுக்கு, காதின் உள்மடல், கக்கம் பாருங்கள். உண்ணிக் காய்ச்சல் நம் ஊரில் சர்வ சாதாரணம்.

கடைசியாக, வீட்டுச் சாப்பாடு என்ன கொடுக்கிறீர்கள்?

விளாங்குறிச்சி வாணி:

இருவருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. ஐயா, திட்டினேன். அன்றைக்குப் பயத்தில் முதுகில் ஒரு அடியும் போட்டேன். அதைப் படித்ததிலிருந்து மனசு சரியில்லை. இனி செய்ய மாட்டேன்.

டாக்டர், காலையில் உலர் தீவனம். மதியம் அம்மா சாம்பார் சாதம் பிசைந்து வைப்பார். சின்ன வெங்காயச் சாம்பார்தான் அவளுக்கு மிகவும் பிடிக்கும். இன்னும் பருவத்துக்கு வரவில்லை.

மதுரை கால்நடை மருத்துவர் (ஓய்வு):

அம்மாவிடம் இன்றைக்கே சொல்லுங்கள்: வெங்காயம், பூண்டு எந்த வடிவத்திலும் வேண்டாம். வெந்தாலும் அதே தீங்குதான். நாயின் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும், கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து ரத்தசோகை வரும். உள்ஈறு வெளுத்திருக்கிறதா என்று பாருங்கள், மருத்துவரிடம் போகும்போது ரத்தப் பரிசோதனையும் செய்துவிடுங்கள். சோறு, உப்பில்லாமல் வேகவைத்த கோழி, கேரட், பூசணி பரவாயில்லை. திராட்சை, சாக்லேட் பக்கமே போகக் கூடாது.

காரமடை ரகு:

நான் எடை கட்டச் சொன்னது தவறு, வளரும் எலும்பு பற்றி எனக்குத் தெரியாது. என் அல்சேஷனுக்கும் ஒன்பது மாதம்தான். நானும் நிறுத்திவிட்டேன். அந்தச் சாக்கு முறையை இன்றைக்குச் செய்து பார்த்தேன், இரண்டு நிமிடம் படுத்தான்.

விளாங்குறிச்சி வாணி:

ஐந்து வாரம் ஆகிறது. நடந்ததை எழுதிவிடுகிறேன், என்னைப் போல யாராவது தேடி வந்தால் உதவும்.

முதல் நாலு நாள் மிகவும் மோசம். ஸ்கூட்டர் ஓட்டம் நின்றதும் காலை ஐந்து மணிக்குக் கதவைப் பிறாண்டினாள், அழுதாள். மூன்றாம் மெத்தையும் போனது. திரும்ப ஸ்கூட்டரை எடுத்துவிடலாமா என்று சாவியைக் கையில் எடுத்துவிட்டு வைத்தேன். ஐந்தாம் நாள் போர்வையில் தேடிச் சாப்பிட்டுவிட்டு நேராகப் போய்ச் சாக்கில் படுத்தாள். நான் அலுவலகம் கிளம்பும்போதும் எழவில்லை.

மருத்துவரிடம் காட்டினோம். எலும்பில் பிரச்சினை இல்லை. பின்னங்கால் மெத்தை இரண்டில் தேய்மானம் இருந்தது, இப்போது ஆறிவிட்டது. ரத்த அளவு கொஞ்சம் குறைவாக இருந்தது. வெங்காயத்தை நிறுத்திவிட்டோம். மூன்று வாரம் கழித்துப் பார்த்ததில் சரியாகிவிட்டது. அம்மா அன்றைக்கு மிகவும் அழுதார். இப்போது அவளுக்கென்று தனிக் குக்கர் வைத்திருக்கிறார்.

சாக்கு வேலை முழுக்க அம்மாவுடையதுதான். நாற்காலி போட்டு உட்கார்ந்து முட்டை நறுக்குகிறார். பகலில் தொலைக்காட்சி பார்க்கும்போது அவள் தாடையைச் சாக்கில் வைத்துத் தூங்குகிறாளாம், குறட்டை கேட்கிறதாம். வார்த்தைகளையும் அம்மாவே முடிவு செய்தார்: “படு”, “விடு”, “இங்கே வா”. நானும் இதையேதான் சொல்ல வேண்டும், மாற்றிச் சொன்னால் கோபித்துக்கொள்கிறார்.

சுற்றுச்சுவர் உள்ள மனை இரண்டு தெரு தள்ளிக் கிடைத்தது. வாரத்தில் நாலு நாள், ஐந்தே நிமிடம். மயிலும் வந்தது, நேற்றைக்கு முன்தினம், சுமார் எழுபது அடி தூரத்தில். காது ஏறியது, வால் நின்றது, ஐயா சொன்ன அதே மாதிரி வலது முன்னங்கால் தூக்கியது. “செம்பா” என்றேன். ஒரு கணம் போனது. திரும்பிப் பார்த்தாள். கையில் இருந்த முட்டை முழுவதையும் கொடுத்துவிட்டேன்.

ஐயாவிடம் இரண்டு கேள்வி. எப்போது கயிறு இல்லாமல் விடலாம்? அப்புறம், தூண்டில் நுனியில் கட்ட அம்மா அப்பாவின் பழைய ஈரிழைத் துண்டைத்தான் எடுத்துக் கொடுத்தார். அதன் பின்னால் ஓடும்போது அவளுக்கு வருகிற சந்தோஷமே தனி. ஓரத்தில் கிழிய ஆரம்பித்திருக்கிறது, பரவாயில்லையா?

கரிசல்காட்டு ஆள்:

வாணிம்மா, கயிறு இல்லாமல் சுவருக்குள் மட்டும்தான். திறந்த வெளியில் எந்த வயதிலும் வேண்டாம். பத்து வருஷம் பழகிய என் நாய்களையே நான் விடுவதில்லை. நடைக்குப் பத்து மீட்டர் நீளக் கயிறு வாங்கிக்கொள்ளுங்கள், அவளுக்கு அது போதும்.

துண்டை இன்றைக்கே கழற்றிவிடுங்கள். நூல் பிரிந்தால் விழுங்குவாள், குடலில் சிக்கினால் அறுவை சிகிச்சை வரை போகும். தூண்டிலுக்குக் கெட்டியான ஜீன்ஸ் துணி கட்டுங்கள், அதையும் பிசிறு தெரிந்தால் மாற்றுங்கள். அப்பாவின் துண்டைத் துவைத்து அம்மாவிடமே கொடுத்துவிடுங்கள். மத்தியானம் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற நேரத்தில் மட்டும் சாக்கின் மேல் விரிக்கட்டும், செம்பா அதில் தலை வைத்துத் தூங்கட்டும்.